வயிறாரச் சாப்பிடும் நாள்



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டிருப்பது சாப்பாட்டைப் பற்றி. அன்றாடம் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறோமே, அந்தச் சாப்பாட்டைப் பற்றியல்ல. இலையை விரித்து, உற்றார் உறவினரோடு அமர்ந்து, வயிறும் மனமும் நிறையச் சாப்பிடுகிறோமே, அந்தச் சாப்பாட்டைப் பற்றி. 'இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. நம் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் பெரியவர்கள் உண்ட விருந்துச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, அது எப்படி வந்தது, அதில் ஏன் அத்தனை இன்பம் இருந்தது, இன்று அதை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

ரப்பர் மரம் நம் மாநிலத்துக்கு வந்தது 1877-ஆம் ஆண்டில். அவ்வாண்டு சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சில, கோலகங்சாரில் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ என்பவரின் வளாகத்தில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்றைக் கோலகங்சார்ப் பட்டணத்தில் இன்றும் காணலாம். பின்னர் தோட்டங்கள் பெருகின. தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கங்காணிமாரின் பின்னே கப்பலேறினர். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் அந்த வரவு தொடர்ந்தது.

அவர்கள் செய்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பால்மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏற மரத்தினுள் நீரின் அழுத்தம் குறைந்து, பாலின் ஓட்டமும் தளர்ந்துவிடும். ஆகவே நான்கு மணிக்கே எழ வேண்டும். கறுப்புக் கோப்பி ஒரு மிடறு குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். விடிந்தும் விடியாத வேளையில் நிரையில் நிற்க வேண்டும். ஒருவருக்கு 400, 500 மரங்கள். மேடும் பள்ளமும், கொசுவும் அட்டையும். வெட்டி முடித்த பிறகு, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, இரண்டு வாளிகளில் நிரப்பி, காண்டாக் கம்பில் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இந்த உடம்புக்கு என்ன சாப்பாடு கிடைத்தது? எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம், 'தாத்தா பாட்டி சிறுவயதில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்' என்று நாங்கள் சொல்வதுண்டு. பெரும்பாலும் மூன்று சொற்கள் வந்து சேரும்: கஞ்சி, கருவாடு, கிழங்கு. காலை பத்து மணிக்கு மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தால், பழைய சோறும், பச்சை மிளகாயும், நெத்திலிச் சம்பலும் இருக்கும். பிற்பகலில் வீடு திரும்பிய பிறகுதான் சுடுசோறு. கறி என்பது சம்பள நாளிலும் திருநாளிலும் காணும் பொருள்.

எளிய சாப்பாடுதான். ஆனால் அதை அறிவற்ற சாப்பாடு என்று சொல்லிவிட முடியாது. அதற்கு நம் நாட்டு மருத்துவ வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்களை வாட்டியது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் ஓயும். தீட்டிய பச்சரிசி உண்ட ஈயச் சுரங்கத் தொழிலாளர்களிடையே அது மிகுதியாக இருந்தது; புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடையே அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெட்சர், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தும் போயினர். புழுங்கலரிசி உண்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் தப்பினர். அந்த முடிவு 1907-இல் வெளியாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள பி1 என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. நம் பாட்டிமாருக்கு உயிர்ச்சத்தின் பெயர் தெரியாது. ஆனால் நெல்லை அவிக்கத் தெரிந்திருந்தது.

இனி விருந்துக்கு வருவோம்.

தீபாவளி நெருங்கினால் தோட்டத்தில் முதலில் நடப்பது ஆட்டுக்குப் பங்கு சேர்ப்பது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டைப் பேசி முடிப்பார்கள். முனியாண்டிக்கோ மதுரை வீரனுக்கோ படையல் போடும் நாளிலும் இப்படித்தான். ஆட்டை உரித்ததும் வாழையிலைகளை வரிசையாகப் பரப்பிக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூற்றிலும் தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், கொழுப்பு ஒரு துண்டு, ஈரல் ஒரு துண்டு என்று இருக்கும். நல்ல கறி ஒருவருக்கு, வெறும் எலும்பு மற்றவருக்கு என்ற பேச்சு எழக்கூடாது. அதனால் கூறு போடுகிறவர் நேர்மையானவர் என்று ஊரார் ஒப்புக்கொண்டவராக இருப்பார். தலை, கால், குடல், இரத்தம் எதுவும் வீணாவதில்லை. இரத்தம் பொரியலாகும், குடல் குழம்பாகும், கால் சூப்பாகும். பங்கு சேர முடியாத வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு போய்ச் சேரும்.

சமையலோ, அவசரம் அறியாத சமையல். கொத்தமல்லி, காய்ந்த மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு ஆகியவற்றை வறுத்து, அம்மியில் வைத்து மைய அரைக்க வேண்டும். பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ ஆகியவற்றை எண்ணெயில் பொரியவிட்டு, சின்ன வெங்காயம் சிவக்க வதக்க வேண்டும். கறிவேப்பிலையோடு மலாய் அண்டை வீட்டாரிடம் கற்ற பழக்கமாக ரம்பை இலையும் சட்டியில் விழும். பால்மர விறகு நின்று எரியும். முற்றிய ஆட்டின் கறி முதலில் தோலைப் போல் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் இளஞ்சூட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கிடந்தால், எலும்பையும் தசையையும் கட்டியிருக்கும் நார்ப்பொருள் கரைந்து பசையாக மாறும். குழம்பு கெட்டிப்படுவதும் உதட்டில் ஒட்டுவதும் அதனால்தான். கடைசியில் தேங்காய்ப்பாலும், பெரிது பெரிதாக வெட்டிய உருளைக்கிழங்கும் சேரும். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, ஆட்டுக்கல்லில் அரைத்த மாவில் வார்த்த தோசையை அந்தக் குழம்பில் முக்கி வாயில் வைத்தால் எப்படி இருக்கும்! அதைப் பேருந்து நிலையத்துக் கடையில் வாங்க முடியுமா?

அந்த உருளைக்கிழங்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அது ருசிக்காக மட்டும் சேர்ந்ததன்று. கறி கொஞ்சம், வாய் நிறைய என்ற வீட்டில், ஒரு கூற்றுக் கறியைப் பத்துப் பேருக்கு எட்டச் செய்தது அந்தக் கிழங்குதான். இதே தந்திரத்தைக் கண்டறிந்த இன்னொரு சமுதாயம் உலகின் மறுகோடியில் இருக்கிறது. அதுதான் அயர்லாந்து மக்கள். ஈப்போ வாசிகளுக்கு அவர்கள் முற்றிலும் அந்நியர் அல்லர். 1912-இல் ஈப்போவில் தொடங்கிய செயின்ட் மைக்கேல் பள்ளியில் ஆசிரியப் பணி செய்த லசால் சபைச் சகோதரர்களில் அயர்லாந்துக்காரர்கள் பலர் இருந்தனர்.

அயர்லாந்தின் புகழ்பெற்ற சாப்பாடு ஒன்று உண்டு. முற்றிய ஆட்டுக்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு நெடுநேரம் வேகவைப்பது. மசாலா இல்லை, உப்பும் மிளகும்தான். மழையிலும் குளிரிலும் வயலில் உழைத்துத் திரும்பியவனுக்கு அதுவே விருந்து. இன்னொன்று, உருளைக்கிழங்கை அவித்து மசித்து, முட்டைக்கோசைச் சேர்த்து, நடுவில் குழி பறித்து அதில் வெண்ணெயை உருகவிட்டுச் சாப்பிடுவது. நம் பிள்ளைகள் சோற்றில் குழி பறித்து இரசம் ஊற்றுவதும், பொங்கலின் நடுவே நெய் ஊற்றுவதும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? மோரை அவர்களும் விரும்பிக் குடித்தார்கள். மோரும் சோடா உப்பும் சேர்த்து இரும்புச் சட்டியில் ரொட்டியும் சுட்டார்கள்.

இந்த இரு சமுதாயங்களுக்கும் கொழுப்பும் மாவும் நிறைந்த, வயிற்றை அடைக்கிற சாப்பாட்டின் மீது ஏன் இத்தனை ஆசை? விடை துயரமானது. இரண்டும் பட்டினியைக் கண்ட சமுதாயங்கள்.

அயர்லாந்து ஏழைகள் ஏறக்குறைய உருளைக்கிழங்கை மட்டுமே நம்பி வாழ்ந்தனர். 1845-இல் அந்தப் பயிரில் ஒரு நோய் விழுந்து, கிழங்குகள் மண்ணிலேயே அழுகின. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே கேடு. எண்பது இலட்சத்துக்கு மேல் இருந்த மக்களில் சுமார் பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். இன்னும் பத்து இலட்சம் பேருக்கு மேல் கப்பலேறினர். அந்த ஆண்டுகளிலும் அந்நாட்டிலிருந்து தானியம் வெளியே ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பது வரலாற்றின் கொடுமை.

நம் கதை வேறா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்தப் பஞ்சமும் அதன் பின் வந்த வறுமையும்தான் பல குடும்பங்களைக் கடல் தாண்ட வைத்தன. இங்கு வந்த பிறகு இன்னொரு பட்டினி காத்திருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அந்நாளில் இந்நாடு உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றது, அரிசி நின்றது. ரப்பருக்கு விலையில்லை, தோட்டத்தில் வேலையில்லை. லயத்தைச் சுற்றி மரவள்ளிக்கிழங்கு நட்டு அதை அவித்தே மக்கள் உயிர் பிடித்தனர். மரவள்ளியில் மாவு உண்டு; தசையை வளர்க்கும் புரதம் மிகச் சொற்பம். சில வகைகளில் நச்சும் உண்டு. தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, நீரை வடிக்காவிட்டால் ஆபத்து. தோட்டத்து ஆண்களில் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமலே போயினர். அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்று மிகச் சிலர். தொண்ணூறை ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்கள். அவர்களில் சிலர் மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் அதைத் தேங்காய்ப்பூவோடு விரும்பிச் சாப்பிடுவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

ஆகவே நேயர்களே, தீபாவளியன்று பாட்டி, 'இன்னும் இரண்டு தோசை போட்டுக்கொள், கண்ணு' என்று வற்புறுத்தினால், அதைப் பெருந்தீனி என்று எண்ணிச் சிரிக்கக் கூடாது. இந்த வீட்டில் இன்றைக்குப் பட்டினி இல்லை என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் முறை அது. வயிறாரச் சாப்பிடும் இன்பம் வெட்கப்படத்தக்கதன்று. உழைத்தவனுக்கும் பசித்தவனுக்கும் கிடைத்த நியாயமான இன்பம் அது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. தோட்டங்கள் மாறிவிட்டன. பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மக்கள் ஈப்போவின் புந்தோங், சிலிபின், குனோங் ராப்பாட் போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மேடேறிய கால்கள் இப்போது மோட்டார் சைக்கிளிலும் காரிலும் போகின்றன. வாளி சுமந்த தோளுக்குக் கடையிலோ தொழிற்சாலையிலோ நின்ற இடத்து வேலை.

உழைப்பு குறைந்தது; சாப்பாடு குறையவில்லை. அது மட்டுமா? ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் வந்த விருந்து, வாரத்துக்கு நான்கு நாள் வரத் தொடங்கியது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஒரே வேளையில் ஆட்டுக்கறி, கோழிப் பொரியல், மீன் குழம்பு, மூன்று முறை சோறு. முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த கச்சாங் பூத்தே தொழிலால் புந்தோங் நாடறிந்த பெயரைப் பெற்றிருக்கிறது. அது நமக்குப் பெருமை. அங்கே அவித்த கடலையும் உண்டு, பொரித்த முறுக்கும் உண்டு. முன்பு திருநாளுக்கு வீட்டில் சுட்ட முறுக்கை, இன்று தொலைக்காட்சியின் முன்னால் பொட்டலம் பொட்டலமாகத் தின்பதுதான் புதிய பழக்கம். பானமோ, கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி; அதுவும் ஒரு நாளைக்கு நான்கு குவளை.

விளைவு என்ன? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது என்ன என்று எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரியும். 'அப்பாவுக்கு இரத்தம் சுத்தம் செய்யப் போகணும், டீச்சர்' என்று சொல்லி விடுப்புக் கேட்கும் பிள்ளைகள். விரல் போய், பாதம் போய், நாற்காலியில் அமர்ந்தபடி பள்ளி விழாவுக்கு வரும் தாத்தாக்கள். பட்டினியைத் தாண்டி வந்த சமுதாயம், மிகுதியால் சாய்கிறது என்றால் அது வேதனை அல்லவா?

இதற்கு மருந்து என்ன? சிலர் பழைய சாப்பாடு எல்லாம் கெடுதல் என்று ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு உடனடி மீயையும் பொரித்த கோழியையும் இனிப்பு நீரையும் வாங்கிக் கொடுக்கிறார்கள். கெடுதலுக்குப் பயந்து, சுவையும் இல்லாத பெருங்கெடுதலுக்குப் போன கதை இது. வேறு சிலர், 'எங்கள் தாத்தா இதைத்தானே சாப்பிட்டுத் தொண்ணூறு வயது வாழ்ந்தார்' என்று வாதாடுகிறார்கள். உண்மைதான். ஆனால் தாத்தா நாள்தோறும் வெட்டிய 500 மரங்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாம் சொல்ல விரும்புவது இதுதான்: விருந்தை விருந்தாகவே வைத்துக்கொள்வோம். காத்திருந்து உண்டபோதுதான் அந்தக் கறி இனித்தது. தினமும் கிடைக்கும் விருந்து நாவுக்கும் அலுத்துப்போகும், உடம்பையும் கெடுக்கும். திருக்குறளில் அளவறிந்து உண்பதைப் பேசும் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர் அமைந்திருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

சில நடைமுறை யோசனைகளைச் சொல்லி முடிப்போம்.

முதலாவது, திருநாள் சமையலை விட்டுவிட வேண்டாம். முற்றிய கறியை வாங்குங்கள், பொறுமையாக வேகவையுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டால் ருசி குறைந்துவிடாது. மசாலா வறுப்பதையும் கூறு பிரிப்பதையும் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஆண் பிள்ளைகளும் அம்மியைத் தொடட்டும்.

இரண்டாவது, மற்ற நாட்களில் தட்டைப் பிரித்துப் பாருங்கள். நம் சுகாதார அமைச்சு சொல்லும் முறை எளிது: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு. முருங்கைக்கீரையும், பாகற்காயும், கத்தரிக்காயும் லயத்து வீட்டுப் பின்புறத்தில் வளர்ந்தவைதாமே? இந்தப் பாதித் தட்டு நமக்குப் புதிதல்ல. தேத்தண்ணியில் சீனியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

மூன்றாவது, உடம்புக்குப் பழைய வேலையில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுங்கள். விடியற்காலையில் அரை மணி நேரம் நடந்தால் போதும். பெரட்டுக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை. வயது நாற்பதைத் தாண்டியவர்கள் அரசாங்க மருந்தகத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். முன்பே நீரிழிவு உள்ளவர்கள் திருநாளன்றும் மாத்திரையை மறக்கக் கூடாது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பகிர்ந்து உண்ணும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கூறு போட்ட அந்த வாழையிலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுக் கிலோ கறியைத் தனியாகத் தின்றவன் நோயாளியானான்; அதையே எட்டு வீட்டுக்குப் பிரித்தவர்கள் உறவினரானார்கள். தீபாவளியன்று மலாய் அண்டை வீட்டுக்கும் சீன அண்டை வீட்டுக்கும் பலகாரத் தட்டு போகட்டும். தனியே இருக்கும் முதியவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு போகட்டும். நம் பங்கு அளவோடு நிற்பதற்கு இதைவிட இனிமையான வழி வேறில்லை.

வயிறார உண்ணுங்கள், திருநாளில் உண்ணுங்கள், பலரோடு சேர்ந்து உண்ணுங்கள். அடுத்த திருநாளுக்கும் அதே இலையில் அமர உடல்நலத்தோடு இருங்கள்.